படம் முடிந்த பிறகு கிணறு என்ன ஆச்சு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ‘எ சிவில் ஆக்‌ஷன்’ படத்தை மறுபடி பார்த்தேன். 1998-ல் வந்த படம், ஜான் டிரவோல்டா நடித்தது. ஜோனதன் ஹார் 1995-ல் எழுதிய அதே பெயருள்ள புத்தகத்தை வைத்து எடுத்தது. புத்தகத்தை வேலைக்குச் சேர்ந்த புதிதில் படித்திருக்கிறேன். ராத்திரி இரண்டு மணி வரைக்கும் கண் விழித்துப் படித்து, அடுத்த நாள் ஆபீசில் தூங்கி வழிந்தது ஞாபகம் இருக்கிறது. அப்போது எனக்கு அது ஒரு வக்கீலின் கதை. இந்தத் தடவை படம் முடிந்து எழுத்துகள் ஓடும்போது வேறொரு கேள்விதான் வந்தது: எல்லாம் சரி, அந்தக் கிணறு என்ன ஆச்சு?

இந்தக் கேள்வி வர ஒரு காரணம் உண்டு. அன்றைக்குக் காலையில்தான் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் அசோசியேஷன் கூட்டம் நடந்தது. இந்த வருஷம் நான்தான் ட்ரெஷரர். எங்கள் போர் தண்ணீரில் உப்பும் இரும்பும் அதிகம். வீட்டை ஒப்படைக்கும்போது பில்டர் ஒரு ஆர்ஓ பிளான்ட் போட்டுக் கொடுத்தார், கூடவே கார்பஸ் ஃபண்ட் என்று ஒரு தொகையும் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினோம். ஆறு வருஷம் ஆச்சு. மெம்பரேன் மாற்ற வேண்டும், பம்ப் மாற்ற வேண்டும், கார்பஸ் ஃபண்ட் கரைந்துபோச்சு. கூட்டத்தில் பாதிப் பேர் “பில்டர் மேல கேஸ் போடுங்க சார்” என்றார்கள். மீதிப் பேர் “மாசா மாசம் வசூல் பண்ணுங்க சார்” என்றார்கள். முடிவு எடுக்காமலே கலைந்தோம்.

இது சின்ன விஷயம். ஆனால் ஒரு நகரம் தன்னுடைய குடிநீர்க் கிணறுகளில் கலந்த ரசாயனத்தை நீக்கப் பணம் தேடும்போதும் இதே இரண்டு குரல்கள்தான் கேட்கின்றன. அந்த வெளிச்சத்தில் ஹாரின் புத்தகத்தையும் படத்தையும் கொஞ்சம் விமர்சனமாகப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

வூபர்னில் நடந்தது

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. வூபர்ன், அமெரிக்காவில் பாஸ்டனுக்கு வடக்கே இருக்கும் சின்ன ஊர். நகராட்சி 1964-லிலும் 1967-லிலும் இரண்டு கிணறுகள் தோண்டியது. அவற்றின் பெயர் ‘ஜி’, ‘எச்’. அந்தத் தண்ணீர் நாறுகிறது, ருசி சரியில்லை என்று மக்கள் ஆரம்பத்திலிருந்தே புகார் சொன்னார்கள். 1979 மே மாதம், பக்கத்துக் காலி நிலத்தில் 184 பீப்பாய்கள் கிடக்கின்றன என்று தெரிந்து கிணற்று நீரைச் சோதித்தார்கள். டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் பில்லியனில் 267 பங்கு இருந்தது. இயந்திரங்களில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவப் பயன்படும் சரக்கு. இரண்டு கிணறுகளையும் உடனே மூடினார்கள். வேடிக்கை என்னவென்றால், கிணற்றைக் கெடுத்தது அந்த 184 பீப்பாய்கள் இல்லை என்று பிறகு தெரிந்தது.

அந்தப் பகுதியில் பல குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்திருந்தது. ஆன் ஆண்டர்சன் என்ற தாய் தொடங்கி, எட்டுக் குடும்பங்கள் வழக்குப் போட்டன. வக்கீல் ஜான் ஷ்லிக்ட்மன். எதிர்த்தரப்பில் டபிள்யூ.ஆர். கிரேஸ், ஒரு தோல் பதனிடும் ஆலையைச் சில காலம் வைத்திருந்த பியாட்ரிஸ் ஃபுட்ஸ், யூனிஃபர்ஸ்ட் என்று மூன்று கம்பெனிகள். யூனிஃபர்ஸ்ட் விசாரணைக்கு முன்பே சுமார் 10 லட்சம் டாலர் கொடுத்து விலகிக்கொண்டது. 1986-ல் விசாரணை 78 நாள் நடந்தது. ஜூரி பியாட்ரிஸை விடுவித்தது. கிரேஸ் கடைசியில் 80 லட்சம் டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. வழக்குக்கு வக்கீல் அலுவலகம் செலவழித்தது மட்டுமே ஏறக்குறைய 26 லட்சம் டாலர். ஷ்லிக்ட்மன் திவாலானார்.

ஹார் எண்ணாத கணக்கு

வழக்கைப் பற்றிய புத்தகத்திடம் போய்க் குழாய்க் கணக்கு கேட்பது நியாயமா என்று நீங்கள் கேட்கலாம். சாதாரணமாக நானும் கேட்க மாட்டேன். ஆனால் ஹார் தானாகவே பணத்தைத்தான் கதையின் நூலாக எடுக்கிறார். கடன் கட்டாததால் ஷ்லிக்ட்மனுடைய போர்ஷே காரைத் தூக்கிப் போக ஆள் வருவதில்தான் புத்தகமே தொடங்குகிறது. நிபுணருக்கு எவ்வளவு, துளை போட எவ்வளவு, கிரெடிட் கார்டில் எவ்வளவு பாக்கி, வங்கிக்காரர் என்ன சொன்னார் என்று எல்லாம் ஒரு கணக்குப்பிள்ளையின் பொறுமையோடு வருகிறது. ஒரு வழக்கு எப்படிப் பணத்தைத் தின்னும் என்பதை இவ்வளவு துல்லியமாக எழுதிய வேறு புத்தகம் நான் படித்ததில்லை. அந்த விதத்தில் இது பெரிய புத்தகம்தான், சந்தேகமே இல்லை.

என் குறை இதுதான். அவ்வளவு கணக்கும் வக்கீல் அலுவலகத்தின் கணக்கு. நகரத்தின் கணக்கு வரவே இல்லை. கிணற்றைத் தோண்டியது நகராட்சி, புகாரைக் கேட்டது நகராட்சி, அப்படியும் நீரை இறைத்தது நகராட்சி. அது கதையின் ஆரம்பத்தில் வந்துவிட்டு ஓரமாக ஒதுங்கிவிடுகிறது. கிணறுகளை மூடிய பிறகு ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? அதற்கு யார் பில் கட்டினார்கள்? சுத்தம் பண்ணித் திரும்ப ஓட்டியிருந்தால் வருஷத்துக்கு எவ்வளவு ஆகியிருக்கும்? இதெல்லாம் சுவாரசியம் இல்லாத கேள்விகள். ஆனால் தினமும் குழாயைத் திறக்கிறவனுக்கு இவைதான் கேள்விகள்.

படம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. எல்லாம் இழந்த வக்கீல் ஆதாரங்களை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ-வுக்கு அனுப்புகிறார், அரசு கம்பெனிகளிடமிருந்து சுமார் 69 மில்லியன் டாலருக்குத் துப்புரவு ஒப்பந்தம் வாங்குகிறது, முடிவில் நீதி ஜெயிக்கிறது. 1991-ல் வந்த அந்த ஒப்பந்தம் உண்மைதான். அந்தப் பணத்தில் கம்பெனிகளின் நிலத்திலும் அதன் அடியிலுள்ள நீரிலும் வேலை நடந்தது. ஆனால் ஜி, எச் இரண்டு கிணறுகளும் திரும்ப ஊருக்குத் தண்ணீர் தரவில்லை. வூபர்ன் தன்னுடைய வேறு கிணறுகளை வைத்தும், பாஸ்டன் வட்டாரத்தின் பெரிய நீர் வாரியத்திடம் விலைக்கு வாங்கியும்தான் சமாளிக்கிறது. படம் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கிணறு சரியாகிவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். நானும் இருபது வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து வந்த ‘எரின் பிரோக்கோவிச்’ படமும் இதே அச்சுதான். 1996-ல் கலிபோர்னியாவின் ஹிங்க்லி ஊர்க்காரர்கள் சுமார் 650 பேருக்கு 333 மில்லியன் டாலர். அது ஆட்களுக்கான நஷ்ட ஈடு. நிலத்தடியில் இருந்த குரோமியம் அப்படியேதான் இருந்தது. அதை நீக்கும் வேலை தனியாக, மாநில நீர் வாரியத்தின் உத்தரவுப்படி நடக்கிறது. படம் வந்த பிறகு ஊரில் பெரும்பாலோர் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

யாரும் படம் எடுக்காத ஊர்

இப்போது சான்டா மோனிகாவுக்கு வருவோம். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் கடற்கரையில் இருக்கும், சுமார் 90,000 பேர் வசிக்கும் நகரம். குடிநீரில் பெரும்பகுதி சொந்தக் கிணறுகளிலிருந்து வந்தது. 1995 ஆகஸ்டில் சார்நாக் என்ற இடத்திலுள்ள கிணறுகளில் எம்டிபிஇ என்ற ரசாயனம் தெரிந்தது. 1996-ல் சார்நாக், ஆர்கேடியா என்ற இரண்டு இடங்களிலும் சேர்த்து 7 கிணறுகளை மூடினார்கள். நகரத்தின் நீரில் பாதி ஒரே வருஷத்தில் போச்சு. மிச்சத்தைப் பெரிய வாரியத்திடம் வாங்கினார்கள். கொலராடோ ஆற்றிலிருந்தும் வடக்கு கலிபோர்னியாவிலிருந்தும் நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வரும் தண்ணீர் அது.

எம்டிபிஇ என்பது பெட்ரோலில் கலக்கும் பொருள். 1979 வாக்கில் ஈயத்துக்குப் பதிலாக வந்தது. 1990-ல் திருத்திய தூய காற்றுச் சட்டம், புகை அதிகமுள்ள நகரங்களில் விற்கும் பெட்ரோலில் 2 சதவீதம் ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்றது. அதற்காகப் பெட்ரோலில் 11 சதவீதம் வரைக்கும் இதைக் கலந்தார்கள். பெட்ரோல் பங்க் தொட்டி கசிந்தால் மற்ற சரக்கெல்லாம் மண்ணில் ஒட்டிக்கொள்ளும், பென்சீனைக் கொஞ்சம் கொஞ்சமாக நுண்ணுயிர்கள் தின்றுவிடும். எம்டிபிஇ அப்படி இல்லை. தண்ணீரில் சுலபமாகக் கரைந்து, நிலத்தடி நீர் போகிற வேகத்துக்கே கூடப் போகும். பில்லியனில் 5 பங்கு இருந்தாலே வாடை தெரியும் என்று கலிபோர்னியா வரம்பு வைத்தது. சார்நாக்கில் 600-க்கு மேலே போனது.

இங்கே வழக்குப் போட்டது குடும்பங்கள் இல்லை, நகரமே போட்டது. 2000-ல் ஷெல், செவ்ரான், எக்ஸான்மொபில் உட்படப் பல எண்ணெய்க் கம்பெனிகள் மேல் வழக்கு. 2003 நவம்பரில் சமரசம். கம்பெனிகள் 92.5 மில்லியன் டாலர் ரொக்கமாகத் தர வேண்டும், அதோடு சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டி ஓட்டும் செலவையும் ஏற்க வேண்டும். 2011 பிப்ரவரியில் சார்நாக் நிலையம் திறந்தது. கிணறு மூடி 15 வருஷம் கழித்து அதே கிணற்றுத் தண்ணீர் குழாயில் வந்தது. வூபர்னில் நடக்காதது இங்கே நடந்தது.

இந்த 15 வருஷத்தில் நீதிமன்றத்தில் யாரும் கண்ணீர் விட்டதாகப் பெரிய காட்சி கிடையாது. நகரசபைக் கூட்டம், பொறியாளர் அறிக்கை, பரிசோதனைக் கிணறு, மறுபடி நகரசபைக் கூட்டம். யாரும் படம் எடுக்க மாட்டார்கள். ஆனால் கிணற்றுக்கு நல்லது நடந்தது இந்தக் கதையில்தான்.

ஏன் இங்கே நடந்தது?

எங்கள் தொழிலில் ‘கிட் பிளேம்’ என்று ஒரு கட்டளை உண்டு. நிரலின் ஒவ்வொரு வரியையும் யார், எந்தத் தேதியில் எழுதினார் என்று காட்டிவிடும். நிலத்தடி நீருக்கு அப்படி ஒரு கட்டளை கிடையாது. வூபர்ன் வழக்கின் கொடுமையான இடமே அதுதான். எந்தக் கம்பெனியின் ரசாயனம் எந்த வருஷம், எந்த மாதம் கிணற்றைத் தொட்டது என்று ஜூரியிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டார்கள். நிலவியல் நிபுணர்களே அடித்துக்கொள்ளும் கேள்வி அது. கிணற்று நீரில் எவ்வளவு பங்கு பக்கத்து அபர்ஜோனா ஆற்றிலிருந்து இழுக்கப்பட்டது என்பதே பெரிய சண்டை. இந்தக் காட்சிகளை ஹார் அருமையாக எழுதியிருக்கிறார். அதற்கு மேலே போய், அந்த ரசாயனம்தான் இந்தக் குழந்தையின் நோய்க்குக் காரணம் என்று நிரூபிக்கும் கட்டமும் காத்திருந்தது. வழக்கு அங்கே போய்ச் சேரவே இல்லை.

சான்டா மோனிகாவுக்கு மூன்று வசதிகள் இருந்தன.

முதலாவது, நோயை நிரூபிக்க வேண்டாம். “இந்தத் தண்ணீரை விற்க முடியவில்லை, சுத்தம் பண்ண இவ்வளவு ஆகும்” என்று பில்லைக் காட்டினால் போதும். 

இரண்டாவது, பொருளுக்கு அடையாளம் இருந்தது. எம்டிபிஇ இருந்தால் அது பெட்ரோல். பெட்ரோல் என்றால் பங்க், தொட்டி, குழாய் என்று பதிவேட்டில் எல்லாம் இருக்கும். 2002-ல் லேக் டாஹோ நீர் வாரியத்தின் வழக்கில் எம்டிபிஇ கலந்த பெட்ரோலே குறையுள்ள பொருள் என்று ஜூரி முடிவு செய்திருந்தது. அந்த வழக்கில் மொத்த சமரசத் தொகை 69 மில்லியன் டாலர். வூபர்ன் ஒப்பந்தத்திலும் இதே எண்தான், தற்செயல்.

மூன்றாவது, சான்டா மோனிகா பணக்கார ஊர். நல்ல வக்கீலை வைத்து வருஷக்கணக்கில் காத்திருக்க முடிந்தது.

கம்பெனிகளின் பதிலையும் சொல்லிவிட வேண்டும். “ஆக்சிஜன் கலக்கச் சொன்னது அரசாங்கம், நாங்கள் கலந்தோம், இப்போது எங்களைப் பிடிக்கிறீர்களே” என்றார்கள். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டம் ஆக்சிஜன் என்றுதான் சொன்னது, எம்டிபிஇ என்று சொல்லவில்லை. எத்தனாலும் கலந்திருக்கலாம். வழக்கிலிருந்து எம்டிபிஇ தயாரிப்பாளர்களைக் காப்பாற்றும் ஷரத்து 2003 எரிசக்தி மசோதாவில் இருந்தது. அந்த மசோதா அதே நவம்பரில் செனட்டில் 57-க்கு 40 என்று வாக்கு விழுந்தும், தேவையான 60 கிடைக்காமல் நின்றுபோனது. அதற்கு இந்த ஷரத்து ஒரு முக்கியக் காரணம். மூன்று ஓட்டு கூட விழுந்திருந்தால் மற்ற ஊர்களின் கதையே மாறியிருக்கும்.

ஆக, பணம் குற்றத்தைத் தேடிப் போகவில்லை. அடையாளம் தெரிகிற இடத்தைத் தேடித்தான் போனது.

மொத்தப் பணமும் மாதப் பில்லும்

இப்போது நான் ட்ரெஷரராகப் பேசுகிறேன். 2003 ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்த அம்சம், கம்பெனிகளே நிலையத்தை ஓட்டும் செலவையும் ஏற்பது. எவ்வளவு காலம் ஆனாலும் அவர்கள் பாடு. ஆனால் 2006-ல் இதை மாற்றினார்கள். கம்பெனிகள் சுமார் 131 மில்லியன் டாலர் மொத்தமாகக் கொடுத்துவிட்டன, கட்டுவதும் ஓட்டுவதும் நகரத்தின் பொறுப்பாகிவிட்டது.

இது கெட்ட பேரம் என்று நான் சொல்ல மாட்டேன். தன் நிலையத்தைத் தானே கட்டுவதில் நகரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, ஒவ்வொரு பில்லுக்கும் எண்ணெய்க் கம்பெனியோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் இதில் கைமாறியது பணம் மட்டும் இல்லை, நிச்சயமின்மையும் சேர்ந்துதான். ரசாயனம் இன்னும் எத்தனை வருஷம் வரும், வரம்பு நாளைக்கு இறுகுமா, கரியின் விலை ஏறுமா என்ற கேள்விகளெல்லாம் அன்றைக்கு நகரத்தின் பக்கம் வந்துவிட்டன.

கரி என்று சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விளக்குகிறேன். இந்த மாதிரி நிலையத்தின் மையம், பெரிய தொட்டிகளில் நிரப்பிய ஆக்டிவேட்டட் கார்பன். தண்ணீர் அதன் வழியாகப் போகும்போது ரசாயனம் கரியின் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்ளும். எம்டிபிஇ சரியாக ஒட்டாத சரக்கு, அதனால் கரி சீக்கிரம் நிரம்பிவிடும். இதற்கு மற்ற வகைகளைவிடக் கொட்டாங்குச்சிக் கரி நன்றாக வேலை செய்யும் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. நம் பொள்ளாச்சி, காங்கேயம் பக்கம் சுட்டு ஏற்றுமதி பண்ணுகிறார்களே, அந்த வகைக் கரிதான். நிரம்பிய கரியை எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். இது ஒரு தடவை வேலை இல்லை, கிணறு ஓடுகிற வரைக்கும் ஓடும் வேலை. சாஃப்ட்வேரில் புது ப்ராஜெக்ட்டுக்கு பட்ஜெட் உடனே கிடைக்கும், மெயின்டனன்ஸுக்குக் கேட்டால் எல்லாரும் மேலே மின்விசிறியைப் பார்ப்பார்கள். தண்ணீரிலும் அதே கதை. திறப்பு விழாவுக்கு ரிப்பன் உண்டு, கரி மாற்றுவதற்கு ரிப்பன் கிடையாது.

இதே கணக்கை இன்றைய பெரிய வழக்கில் போட்டுப் பாருங்கள். பிஃபாஸ் என்ற அழியாத ரசாயனங்களுக்காக 3எம் கம்பெனி அமெரிக்க நீர் அமைப்புகளுக்குக் குறைந்தது 10.3 பில்லியன் டாலர், டூபான்ட் வகையறா 1.185 பில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டன. 2024-ல் நீதிமன்றம் இரண்டையும் ஏற்றது. கேட்கத் தலை சுற்றும் தொகை. அதே 2024-ல் இபிஏ பிஃபாஸ் வரம்பு வைத்தபோது, வருஷத்துக்கு 1.5 பில்லியன் டாலர் செலவாகும் என்று மதிப்பிட்டது. வகுத்துப் பாருங்கள், எட்டு வருஷம்கூட வராது. பிறகு? சமரசத்தில் கையெழுத்துப் போட்ட நகரம் அந்தக் கம்பெனியிடம் திரும்ப வந்து கேட்க முடியாது. பிறகு தண்ணீர் பில்தான்.

வழக்குப் போட ஆளே இல்லாத ஊர்கள்

சான்டா மோனிகாவையே மாதிரியாக வைத்துக்கொண்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. கலிபோர்னியாவின் உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் கிணற்றுக்கு எமன் நைட்ரேட். உரம், மாட்டுச் சாணம், எழுபது எண்பது வருஷப் பாசனம். 2012-ல் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வு, துலாரி ஏரிப் படுகையிலும் சலினாஸ் பள்ளத்தாக்கிலும் நைட்ரேட்டில் 96 சதவீதம் பயிர் நிலத்திலிருந்து வருகிறது என்றது. ஆபத்துக்குள்ளாகக்கூடியவர்கள் சுமார் 2,54,000 பேர். யார் மேல் வழக்குப் போடுவது? ஆயிரக்கணக்கான விவசாயிகள், பாதிப் பேர் செத்துவிட்டார்கள், போட்டது சட்டப்படியான உரம். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களில் பலர் அதே வயலில் கூலி வேலை செய்பவர்கள்.

இங்கே வழக்கு உதவாது. 2019-ல் கலிபோர்னியா ஒரு சட்டம் போட்டு, வருஷத்துக்கு 130 மில்லியன் டாலர் வரை, 2030 வரைக்கும், இப்படிப்பட்ட ஊர்களின் குடிநீருக்கு ஒதுக்கியது. மாசு வெளியிடும் ஆலைகளிடம் அனுமதிச் சீட்டு விற்று வரும் காசு அது. இந்தச் சட்டத்தில் முக்கியமான விஷயம், நிலையம் கட்ட மட்டும் இல்லாமல், ஓட்டும் செலவுக்கும் பணம் தரலாம் என்பது. 200 வீடு இருக்கிற ஊர் நிலையத்தை இனாமாக வாங்கிக்கொண்டாலும் ஓட்ட முடியாது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். எங்கள் பில்டர் அப்படி யோசிக்கவில்லை.

பெட்ரோல் தொட்டிகளுக்கு 1989-லேயே கலிபோர்னியா இப்படி ஒரு நிதி வைத்தது. தொட்டியில் சேமிக்கும் ஒவ்வொரு கேலனுக்கும் சில்லறைக் காசு. ரசாயன, எண்ணெய்க் கம்பெனிகள் மேல் 1980-ல் வந்த சூப்பர்ஃபண்ட் வரி 1995-ல் காலாவதியானது, 2022, 2023-ல்தான் திரும்ப வந்தது. நடுவில் கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பொறுப்பு பொது வரிப்பணத்தின் தலையில். வூபர்ன் நிலத்தின் துப்புரவு நடந்ததும் அதே சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் கீழ்தான். வக்கீல் ஆதாரத்தை அனுப்பியதாகப் படம் காட்டும் பார்சலைவிட, இந்த வரி இருந்ததா இல்லையா என்பது பல கிணறுகளுக்கு முக்கியமான விஷயம். அதைக் காட்சியாக எடுப்பது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன்.

பாலாறு

வூபர்னில் தோல் ஆலை என்றதும் நம்மில் பலருக்கு வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஞாபகம் வந்திருக்கும். சான்டா மோனிகா கிணறுகள் மூடிய அதே 1996-ல், ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் மக்கள் நல அமைப்பின் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்பவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உறுதியாகச் சொன்ன தீர்ப்பு. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடும், கெட்ட நிலத்தைச் சீராக்கும் செலவும் ஆலைகளிடம் வசூலிக்கத் தனி ஆணையம் அமைக்கச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. கொள்கை வந்து 28 வருஷம் ஆகியும் வேலை முடியவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? இதற்கிடையே வேலூர் பக்கம் பல ஊர்களுக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்துவிட்டது. வூபர்னும் சான்டா மோனிகாவும் முதலில் செய்தது போலத்தான், தூரத்துத் தண்ணீர். வந்த வரைக்கும் நல்லதுதான். ஆனால் தூரத்துத் தண்ணீர் வந்ததும் பக்கத்துக் கிணற்றைப் பற்றிக் கேட்கும் குரல் குறைந்துவிடுகிறது.

எனவே

‘எ சிவில் ஆக்‌ஷன்’ படிக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கண்டிப்பாகப் படியுங்கள், படத்தைவிடப் புத்தகம் பத்து மடங்கு நல்லது. படிக்கும்போது ஹார் கேட்காத மூன்று கேள்விகளைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த பணம் ஆளுக்கா, கிணற்றுக்கா? கிணற்றுக்கு என்றால் கட்டுவதற்கா, ஓட்டுவதற்கா? ஓட்டுவதற்கு என்றால் எத்தனை வருஷத்துக்கு, அதற்குப் பிறகு யார்? இனிமேல் செய்தித்தாளில் ‘இத்தனை கோடி இழப்பீடு’ என்று வரும்போதெல்லாம் இந்த மூன்றையும் கேட்டுப் பார்க்கப்போகிறேன்.

குடும்பங்களுக்குக் கிடைத்த பணத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு எந்தத் தொகையும் போதாது. ஆனால் அதே தெருவில் அடுத்து பிறக்கும் குழந்தை என்ன குடிக்கும் என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு பணம் வேண்டும். இரண்டையும் ஒரே காசோலையில் முடித்துவிட்டதாகக் காட்டுவதுதான் இந்தக் கதைகள் நமக்குச் செய்யும் கெடுதல்.

எங்கள் அசோசியேஷன் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த கூட்டத்துக்கு ஒரு தாளில் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். மெம்பரேன் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, பம்ப் ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை, கரண்ட் தனி. ஒரு ஃபிளாட்டுக்கு மாதம் 180 ரூபாய் வருகிறது. பில்டர் மேல் கேஸ் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, போடலாம், ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். ஆனால் அந்தக் காசு வந்தாலும் இந்த 180 ரூபாயை வசூல் பண்ண வேண்டும் என்று சொல்லப்போகிறேன். எத்தனை பேர் கை தூக்குவார்கள் என்று தெரியவில்லை. அதுவரைக்கும் வாரத்துக்கு மூன்று தண்ணி லாரி வந்துகொண்டிருக்கிறது.